வெர்னன் கவுண்டிக்குக் குடிபோகிறீர்களா? முதலில் மேடா, பள்ளத்தாக்கா என்று பாருங்கள்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தின் தென்மேற்கில், மிசிசிப்பி ஆற்றை ஒட்டி இருக்கிறது வெர்னன் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் போன்றது). மொத்த மக்கள்தொகை முப்பதாயிரத்தைச் சற்றே தாண்டும். தலைமை ஊரான விரோக்வாவில் சுமார் 4,500 பேர். சிகாகோவிலும் மினியாபொலிஸிலும் மேடிசனிலும் வாடகை கொடுத்துக் களைத்துப்போனவர்கள் இந்தப் பக்கத்து வீட்டு விலைகளைப் பார்த்துவிட்டு, "இந்தக் காசுக்கு ஐந்து ஏக்கரோடு வீடா!" என்று வியக்கிறார்கள். அந்த வியப்பு நியாயமானதுதான். ஆனால் இங்கே ஒரு குடும்பத்துக்கு மாதம் எவ்வளவு செலவாகும் என்பதை வீட்டின் விலை மட்டும் தீர்மானிப்பதில்லை. வீடு மலைச்சரிவில் எந்த உயரத்தில் நிற்கிறது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, வேலைக்கு எத்தனை மைல் ஓட்ட வேண்டும் ஆகிய மூன்றும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. அதனால் இந்த வழிகாட்டியில் விலையைவிட நிலத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

படி 1: முதல் குளிர்காலத்தை வாடகை வீட்டில் கழியுங்கள்

வந்த உடனே வாங்காதீர்கள். விரோக்வாவிலோ வெஸ்ட்பியிலோ ஊருக்குள் வாடகைக்கு ஓர் இடம் பிடியுங்கள். ஊருக்குள் என்றால் நகராட்சித் தண்ணீர் வரும், சாலையில் பனி தள்ளுவார்கள், கடைக்கு நடந்தே போகலாம். வாடகை வீடுகள் குறைவு. நல்லவை விளம்பரத்துக்கு வருமுன்பே பேச்சுவாக்கில் போய்விடும். ஆகவே விரோக்வா கூட்டுறவு மளிகைக் கடையின் அறிவிப்புப் பலகை, நூலகம், சேரப்போகும் அலுவலகம் என்று நேரடியாகக் கேட்டு வைப்பது நல்லது.

குளிர்காலத்தை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், ஜூலை மாதத்தில் இந்தக் கவுண்டியில் அழகில்லாத வீடே கிடையாது. ஜனவரியில்தான் எந்தச் சாலையில் கார் ஏறாது, எந்தப் பள்ளத்தாக்கில் மூன்று மணிக்கே வெயில் மறைகிறது, எந்த வீட்டின் தண்ணீர்க் குழாய் உறைகிறது என்பதெல்லாம் தெரியும்.

படி 2: ஆண்டுக் கணக்கைப் போடுங்கள்

மாதத் தவணையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். பன்னிரண்டு மாதத்துக்குக் கணக்குப் போடுங்கள், காரிலிருந்து தொடங்குங்கள்.

விரோக்வாவிலிருந்து லா க்ராஸ் நகரம் சுமார் 35 மைல். தினமும் போய்வந்தால் 70 மைல். ஆண்டுக்கு 240 வேலைநாள் என்று வைத்தால் 16,800 மைல். பெட்ரோல், தேய்மானம், காப்பீடு எல்லாம் சேர்த்து ஒரு மைலுக்கு 70 சென்ட் என்று 2025-ஆம் ஆண்டுக்கு அமெரிக்க வருமான வரித் துறை கணக்கு வைத்திருக்கிறது. அப்படிப் பார்த்தால் ஒரே ஒருவர் வேலைக்குப் போய்வரவே ஆண்டுக்கு 11,760 டாலர். கணவன், மனைவி இருவரும் தனித்தனியாக ஓட்டினால் வீட்டில் மிச்சப்பட்டது சாலையில் போய்விடும். லா க்ராஸையும் விரோக்வாவையும் இணைக்கும் 'ஸ்மார்ட்' பேருந்து ஒன்று உண்டு. அதன் நேரம் உங்கள் வேலை நேரத்தோடு பொருந்துகிறதா என்று கட்டாயம் பாருங்கள், பொருந்தினால் பெரிய சேமிப்பு.

வரவு பக்கம்: விஸ்கான்சினில் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி இன்னும் மணிக்கு 7.25 டாலர்தான். பெரும்பாலான கடைகள் அதைவிடக் கூடுதலாகவே கொடுக்கின்றன என்றாலும், பெருநகரச் சம்பளத்தை எதிர்பார்த்து வர வேண்டாம். கவுண்டியில் நிலையான வேலை தருபவை மருத்துவமனைகள், பள்ளிகள், வயோலாவில் மோட்டார் சைக்கிள் பாகங்கள் செய்யும் எஸ் அண்ட் எஸ் சைக்கிள், பிறகு லா ஃபார்ஜில் தலைமையகம் வைத்திருக்கும் ஆர்கானிக் வேலி. இந்தக் கடைசி நிறுவனம் 1988-இல் இந்தப் பகுதி விவசாயிகள் சிலர் கூடித் தொடங்கிய கூட்டுறவு. இன்று நாடெங்கும் அதன் பால் விற்கிறது. ஒரு காலத்தில் புகையிலையும் சிறு மாட்டுப்பண்ணைகளும் இருந்த ஊர், பெரும் பண்ணைகள் சிறியவற்றை விழுங்கிய காலத்திலும் தாக்குப்பிடித்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம் என்பது என் எண்ணம்.

விற்பனை வரி 5.5 சதவீதம். சமைக்காத மளிகைப் பொருள்களுக்குப் பொதுவாக வரி இல்லை.

படி 3: மேடா, பள்ளத்தாக்கா?

இதுதான் இந்தக் கவுண்டியின் தலையாய கேள்வி. பனியுகத்தில் பனிப்பாறைகள் இந்த நடுப்பகுதி மாநிலங்களை இழைத்துத் தட்டையாக்கியபோது, இந்த மூலை மட்டும் தப்பியது. அதனால் சுற்றிலும் சமவெளி இருக்க, இங்கே மட்டும் நீண்ட மேடுகளும் செங்குத்தான பள்ளத்தாக்குகளும். பழைய நெடுஞ்சாலைகள், சோள வயல்கள், பால் பண்ணைகள் மேட்டின் மேல். ஓடைகள், ட்ரவுட் மீன், பழைய ஆலை ஊர்கள் கீழே.

பள்ளத்தாக்கு வீடு பெரும்பாலும் அழகாகவும் சில சமயம் விலை குறைவாகவும் இருக்கும். ஏன் குறைவு என்று கேளுங்கள். கிக்கப்பூ ஆறும் கூன் க்ரீக்கும் 2007 ஆகஸ்டிலும் 2008 ஜூனிலும் 2018 ஆகஸ்டிலும் கரைபுரண்டன. 2018-இல் ஒரே இரவில் பெய்த மழையில் கூன் க்ரீக், வெஸ்ட் ஃபோர்க் கிக்கப்பூ நீர்ப்பிடிப்புகளில் இருந்த ஐந்து சிறு அணைகள் உடைந்தன. கூன் வேலி, ஒன்டேரியோ, லா ஃபார்ஜ், வயோலா, ரீட்ஸ்டவுன் ஆகிய ஊர்க்காரர்களிடம் அந்த இரவைப் பற்றிக் கேட்டால் தண்ணீர் எந்தச் சுவரில் எவ்வளவு உயரம் ஏறியது என்று கையால் காட்டுவார்கள். கிக்கப்பூ ஆற்றைக் கட்டுப்படுத்த ஒரு பெரிய அணைக்கு 1962-இல் அனுமதி கிடைத்து, 1971-இல் வேலை தொடங்கி, செலவும் சுற்றுச்சூழல் கேள்விகளும் ஏறியதால் 1975-இல் நிறுத்தப்பட்டது. அதற்குள் சுமார் 140 குடும்பங்களின் நிலம் கையகப்படுத்தப்பட்டிருந்தது. லா ஃபார்ஜுக்கு வடக்கே அந்த அணையின் கான்கிரீட் கோபுரம் இன்றும் தனியே நிற்கிறது. அந்த நிலம் இப்போது கிக்கப்பூ பள்ளத்தாக்குக் காப்பகம்: 8,500 ஏக்கருக்கு மேல், மாநிலமும் ஹோ-சங்க் பழங்குடித் தேசமும் சேர்ந்து பார்த்துக்கொள்கின்றன. நிலத்தை இழந்தவர்களின் பிள்ளைகள் இன்னும் இங்கே வாழ்கிறார்கள். வந்த புதிதில் அந்தப் பேச்சை எடுக்கும்போது கொஞ்சம் மரியாதையோடு எடுங்கள்.

செய்ய வேண்டியது இதுதான். வீட்டைப் பார்க்கப் போகும் முன் மத்திய அரசின் வெள்ள வரைபடத்தில் முகவரியைப் போட்டுப் பாருங்கள். வரைபடத்தில் இல்லை என்றால் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். சிறு ஓடைகளின் திடீர் வெள்ளத்தை அது முழுதாகக் காட்டாது. பக்கத்து வீட்டுக்காரரிடம் "2018-இல் இங்கே தண்ணீர் வந்ததா?" என்று நேரே கேளுங்கள், உண்மையைச் சொல்வார்கள். வழக்கமான வீட்டுக் காப்பீட்டில் வெள்ளம் அடங்காது. தனியாக வெள்ளக் காப்பீடு எடுத்தால், பொதுவாக 30 நாள் கழித்துத்தான் அது நடைமுறைக்கு வரும். மழை வருகிறது என்று தெரிந்தபின் எடுத்துப் பயனில்லை.

மேட்டு வீட்டுக்கு வெள்ள பயம் பெரும்பாலும் இல்லை. ஆனால் காற்று அடிக்கும், சாலையில் பனி வந்து குவியும், கிணறு நூற்றுக்கணக்கான அடி ஆழம் போக வேண்டியிருக்கும். அதற்குப் பதிலாக கைப்பேசி சிக்னல் கிடைக்கும், குளிர்காலத்தில் நாள் முழுக்க வெயில் கிடைக்கும். நாலு மாதம் வீட்டுக்குள் அடைந்து கிடக்கும்போது அந்த வெயிலின் அருமை தெரியும். எனக்குக் கேட்டால், குழந்தைகளோடு வரும் புதியவர்களுக்கு மேடுதான் நல்லது. மீன்பிடிப்பில் பைத்தியமாக இருந்தால் பள்ளத்தாக்கின் மேல்பகுதிச் சரிவில், ஓடைக்கு எட்டாத உயரத்தில் பாருங்கள்.

வீட்டிலிருந்து வேலை செய்பவர் என்றால் இணையத்தை விளம்பர வரைபடத்தை நம்பி முடிவு செய்யாதீர்கள். வெஸ்ட்பியில் இருக்கும் வெர்னன் கம்யூனிகேஷன்ஸ் கூட்டுறவு பெருநகரங்களே பொறாமைப்படும் அளவுக்கு ஃபைபர் இழுத்திருக்கிறது. ஆனால் சேவை எல்லை ஒரு வேலியோடு முடிந்துவிடும். குறிப்பிட்ட முகவரியைச் சொல்லி "இந்த வீட்டுக்குள் இப்போது ஃபைபர் வருகிறதா?" என்று தொலைபேசியில் கேட்டுவிட்டு அப்புறம் பேரம் பேசுங்கள்.

இன்னொன்று: வீட்டுப் பாதை. சாலையிலிருந்து வீடு வரை போகும் நீண்ட, செங்குத்தான மண்பாதையில் பனி தள்ளுவது உங்கள் பொறுப்பு. உங்களால் ஏற முடியாத பாதையில் ஆம்புலன்ஸும் ஏறாது, தீயணைப்பு வண்டியும் ஏறாது. இங்கே தீயணைப்பு வீரர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். வேலையை விட்டுவிட்டு ஓடி வருகிற அவர்களுக்கு வழியாவது சரியாக இருக்க வேண்டும். நிலையத்திலிருந்து தூரம் கூடினால் வீட்டுக் காப்பீட்டுத் தொகையும் கூடும்.

படி 4: கிணறு, கழிவுத் தொட்டி, எரிவாயு

ஊர் எல்லையைத் தாண்டினால் தண்ணீர் உங்கள் சொந்தப் பொறுப்பு. அடியில் இருப்பது வெடிப்புகள் நிறைந்த சுண்ணாம்புப் பாறையும் மணற்பாறையும். வயலில் போட்ட உரமும் சாணமும் வடிகட்டப்படாமலே நிலத்தடி நீருக்கு இறங்கிவிடக்கூடும். ஆண்டுக்கு ஒருமுறை பாக்டீரியாவுக்கும் நைட்ரேட்டுக்கும் தண்ணீரைச் சோதியுங்கள். நைட்ரேட் லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டினால் கைக்குழந்தைக்குப் பால் கரைக்கவோ கர்ப்பிணி குடிக்கவோ கூடாது. நம் வீடுகளில் சந்தேகம் வந்தால் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடுவோம். பாக்டீரியாவுக்கு அது சரி, நைட்ரேட்டுக்கு அது கேடு. தண்ணீர் ஆவியாகி, மிஞ்சிய தண்ணீரில் நைட்ரேட் இன்னும் செறிவாகும். இதை ஊரிலிருந்து பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வரும் அம்மா, மாமியாருக்கும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

வீடு விற்கும்போது கிணற்றைச் சோதித்தே ஆக வேண்டும் என்று விஸ்கான்சினில் கட்டாயம் இல்லை. நீங்கள்தான் ஒப்பந்தத்தில் நிபந்தனையாகச் சேர்க்க வேண்டும். உரிமம் பெற்ற கிணற்றுக்காரரோ பம்ப் பொருத்துபவரோதான் சோதிக்கலாம், அப்போது பாக்டீரியா, நைட்ரேட், ஆர்சனிக் மூன்றையும் பார்ப்பார்கள். கூடவே கழிவுத் தொட்டி எப்போது போட்டது, கடைசியாக எப்போது இறைத்தது என்ற பதிவைக் கவுண்டி அலுவலகத்தில் கேளுங்கள். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அதைப் பரிசோதிக்க வேண்டும் என்பது மாநில விதி. தொட்டியும் வடிகால் நிலமும் பழுதாகியிருந்தால் புதிதாகப் போட ஆயிரக்கணக்கில் செலவாகும். சரிவான நிலத்தில் இன்னும் கூடும்.

அடித்தளத்தில், நிலத்திலிருந்து கசியும் கதிரியக்க வாயுவான ரேடானையும் சோதியுங்கள். லிட்டருக்கு 4 பிகோகியூரிக்கு மேல் இருந்தால் குழாயும் விசிறியும் வைத்து வெளியேற்றிவிடலாம். கருவி விலை குறைவுதான், தயங்க வேண்டாம்.

சூடேற்றுவதற்குக் கிராமப்புறத்தில் குழாய் எரிவாயு பெரும்பாலும் கிடையாது. வீட்டுக்கு வெளியே ஒரு வெள்ளைத் தொட்டியில் எல்.பி. எரிவாயு. 500 காலன் தொட்டியை 80 சதவீதம்தான் நிரப்புவார்கள், அதாவது 400 காலன். தொட்டி வீட்டோடு வருகிறதா, எரிவாயு நிறுவனத்தின் வாடகைத் தொட்டியா என்று கேளுங்கள். வாடகைத் தொட்டி என்றால் அந்த நிறுவனத்திடம்தான் வாங்க முடியும். கோடைக்காலத்திலேயே விலை பேசி ஒப்பந்தம் போட்டுவிடுவது இங்கத்துப் பழக்கம். டிசம்பரில் தொட்டி காலியானபின் கூப்பிட்டால் அவசரக் கட்டணம் விழும். மின்சாரம், குழாய் எரிவாயு நிறுவனங்கள் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை வீட்டுச் சூட்டை நிறுத்தக்கூடாது என்ற பாதுகாப்பு உண்டு. எல்.பி. எரிவாயுவுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. குடும்ப வருமானம் மாநில நடுமட்ட வருமானத்தில் 60 சதவீதத்துக்குள் இருந்தால் எரிபொருள் உதவித் திட்டத்துக்கு அக்டோபர் 1 முதல் மே 15 வரை விண்ணப்பிக்கலாம். கேட்பதில் வெட்கம் எதுவும் வேண்டாம், அதற்காகத்தான் அது இருக்கிறது.

படி 5: கடனும் நில வரியும்

கிராமப்புற வீட்டுக்கு அமெரிக்க வேளாண் துறையின் உத்தரவாதத்தோடு, முன்பணமே இல்லாமல் கடன் கிடைக்கும். வருமானம் அந்தப் பகுதியின் நடுமட்டத்தில் 115 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. கடன் வாங்குபவர் குடிமகனாகவோ கிரீன் கார்டு போன்ற தகுதி உள்ளவராகவோ இருக்க வேண்டும், எச்-1பி வேலை விசாவில் கிடைக்காது. பெரிய நிலமும் பண்ணைக் கட்டடங்களும் சேர்ந்த சொத்து என்றால் வங்கியிடம் முன்பே பேசிவிடுங்கள், சில கடன்கள் அதற்கு ஒத்துவராது.

நில வரிச் சீட்டு டிசம்பரில் வரும். ஜனவரி 31, ஜூலை 31 என இரண்டு தவணையில் கட்டலாம். குடியிருக்கும் வீட்டுக்கு மாநில லாட்டரி வருவாயிலிருந்து ஒரு சிறு வரித் தள்ளுபடி உண்டு, வாங்கிய முதல் ஆண்டிலேயே விண்ணப்பித்துவிடுங்கள். வயலாக இருக்கும் நிலத்துக்கு மிகக் குறைந்த வரி. ஆனால் பயிரிடாமல் விட்டாலோ வேறு பயனுக்கு மாற்றினாலோ வரி ஏறும், சில நேரம் மாற்றுக் கட்டணமும் சேரும். "ஐந்து ஏக்கரும் பூந்தோட்டமாக்குவேன்" என்று நினைப்பவர்கள், பக்கத்துப் பண்ணைக்காரருக்கு வைக்கோலுக்குக் குத்தகை விடலாமா என்று மதிப்பீட்டாளரிடம் கேட்டுப் பாருங்கள்.

உங்கள் அஞ்சல் முகவரி விரோக்வா என்றிருக்கும், வரியோ வேறு 'டவுன்'-க்கு (இங்கே கிராமப்புற உள்ளாட்சியின் பெயர் அது) போகும், பள்ளி வேறு வட்டாரத்தில் இருக்கும். மூன்றையும் கவுண்டியின் இணைய நில வரைபடத்தில் பார்த்துவிடலாம். வரி எவ்வளவு, எல்லை எது, யார் பக்கத்து நிலம் என்பதும் அதிலேயே இருக்கிறது.

படி 6: விசாவில் இருப்பவர்கள்

வீட்டிலிருந்து வேலை என்றாலும், எச்-1பி-யில் இருப்பவர் இப்போதிருக்கும் பெருநகர வட்டாரத்துக்கு வெளியே குடிமாறினால், குடிமாறும் முன்பே நிறுவனம் திருத்த மனு போட வேண்டும். இதை மனிதவளத் துறையிடம் எழுத்தில் பேசிவிட்டு வீடு தேடுங்கள். குடிமாறி 10 நாளுக்குள் முகவரி மாற்றத்தைக் குடியேற்றத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும், இது கிரீன் கார்டுக்காரர்களுக்கும் பொருந்தும்.

ஜே-1 என்ற பரிமாற்ற விசாவில் பயிற்சி முடித்த மருத்துவர்களுக்கு இதுபோன்ற கவுண்டிகள் நல்ல வாசல். மருத்துவர் பற்றாக்குறை உள்ள இடத்தில் மூன்றாண்டு முழுநேரம் வேலை செய்தால், இரண்டாண்டு தாய்நாடு திரும்பும் விதியிலிருந்து விலக்கு கிடைக்கும். ஒவ்வொரு மாநிலமும் ஆண்டுக்கு 30 பேருக்கு அதைப் பரிந்துரைக்கலாம். அமெரிக்கக் கிராம மருத்துவமனைகளில் நம் ஊர் மருத்துவர்களை அடிக்கடி பார்ப்பதற்கு இது ஒரு காரணம்.

படி 7: மருத்துவம், பள்ளி

விரோக்வாவிலும் ஹில்ஸ்பரோவிலும் சிறு மருத்துவமனைகள் உண்டு. சிறப்பு மருத்துவத்துக்கு லா க்ராஸ். காப்பீடு எடுக்கும்போது இரண்டு ஊரும் அதன் வலையில் இருக்கிறதா என்று பாருங்கள். குழந்தைக் காப்பகம் மிகவும் குறைவு. கர்ப்பமாக இருக்கும்போதே பெயர் கொடுத்து வைக்கிறார்கள், நீங்களும் அப்படியே செய்யுங்கள். பள்ளி வட்டாரம் பிடிக்கவில்லை என்றால், பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வேறு வட்டாரத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் கொண்டுபோய் விடுவது பெற்றோர் பொறுப்பு.

படி 8: வந்து இறங்கிய பிறகு

ஓட்டுநர் உரிமத்தை 60 நாளுக்குள் விஸ்கான்சினுக்கு மாற்றுங்கள். சிறு ஊர் அலுவலகம் எல்லா நாளும் திறந்திருக்காது, நேரம் பார்த்துப் போங்கள்.

சாலையில் மூன்று விஷயம். அக்டோபர், நவம்பரில் மான்கள் குறுக்கே பாயும். ஒன்று போனால் பின்னால் இன்னொன்று வரும் என்று வேகத்தைக் குறையுங்கள். காப்பீட்டில் 'காம்ப்ரிஹென்சிவ்' பகுதி இருந்தால்தான் மான் மோதிய சேதத்துக்குப் பணம் வரும். இரண்டாவது, கார் ஓட்டாமல் பழைய முறையில் எளிமையாக வாழும் ஆமிஷ் என்ற கிறித்தவப் பிரிவினரின் குதிரை வண்டிகள். மேட்டின் மறுபக்கம் இறங்கும்போது திடீரென எதிர்ப்படும். பொறுமையாக, இடம் விட்டுக் கடந்து போங்கள், ஒலிப்பான் அடிக்காதீர்கள். அவர்களிடம் காய்கறி, மரச்சாமான் வாங்கலாம். ஞாயிறு விற்பனை இல்லை, படம் எடுக்கக் கூடாது. மூன்றாவது, குளிர்கால டயர். நாலு சக்கர இயக்கத்தைவிட அது முக்கியம்.

நன்றித் திருநாளுக்கு (நவம்பர் நான்காம் வியாழன்) முந்தைய சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள் துப்பாக்கி மான் வேட்டை. அந்த நாள்களில் காட்டோரம் நடந்தால் பளிச்சென்ற ஆரஞ்சு நிறச் சட்டை போடுங்கள், குழந்தைக்கும் நாய்க்கும் சேர்த்து. கோடையில் புல்வெளியில் போய்வந்தால் உடம்பில் உண்ணி இருக்கிறதா என்று தினமும் பாருங்கள். மான் உண்ணியால் லைம் நோய் வரும். கடித்த இடத்தில் வட்டமாகச் சிவந்தாலோ காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் போய்விடுங்கள்.

பக்கத்து வயலில் சாணம் தெளித்தால் சில நாள் வாடை அடிக்கும். மாநிலச் சட்டம் பண்ணைக்காரர் பக்கம்தான் நிற்கும், நியாயமும் பெரும்பாலும் அங்கேதான்.

சாப்பாட்டுக்கு அரிசி, பருப்பு, புளி எல்லாம் மேடிசன் போகும்போது மூட்டையாக வாங்கிக்கொள்ளுங்கள், ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பயணம். காய்கறிக்குக் கவலை வேண்டாம். சனிக்கிழமை உழவர் சந்தை அருமையாக இருக்கும். கத்திரி, மிளகாய், வெண்டை நீங்களே போடலாம். கத்திரியையும் மிளகாயையும் மார்ச் கடைசியில் வீட்டுக்குள் நாற்றுவிட்டு, மே மாதக் கடைசியில் உறைபனி பயம் தீர்ந்தபின் வெளியே நடுங்கள். வெண்டை விதையை ஜூன் தொடக்கத்தில் நேரே மண்ணில் ஊன்றலாம். செப்டம்பர் கடைசிக்குள் அறுவடை முடிந்துவிட வேண்டும். கறிவேப்பிலைச் செடியைத் தொட்டியிலேயே வைத்து, குளிர் தொடங்குமுன் தெற்குச் சன்னலோரம் எடுத்து வையுங்கள்.